கோதுமை ஆகாத வயிற்றுக்கு ஒகேனக்கல் மீன் சாப்பாடு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சீலியாக் உள்ளவர்கள் வெளியே எங்கே தைரியமாகச் சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது எந்த ஏசி ஓட்டலையும் அல்ல. ஒகேனக்கல்லில் நாம் வாங்கிக் கொடுக்கிற மீனை அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துத் தருகிறார்களே, அந்த அக்காக்களைத்தான். கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். அதைச் செய்துவிட்டால் நிம்மதியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடலாம்.

சீலியாக் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் அவருடைய நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். எனக்கு இது தெரிய வந்ததே முப்பது வயதுக்கு மேல். அதுவரை ரத்தசோகை என்று வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. ரத்த அளவு ஏறவே ஏறாது. கடைசியில் பெங்களூரில் ஒரு குடல் மருத்துவர் சீலியாக்கைக் கண்டறிய உதவுகிற டிடிஜி ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார். மருந்து எதுவும் கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் வழி. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் முடிவு தப்பாக வரலாம்.

'நாம அரிசி சாப்பிடுற ஊர்தானே, உனக்கென்ன கஷ்டம்' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை அது சரி. வாசலைத் தாண்டினால்தான் பிரச்சினை. பரோட்டா, பூரி, சேமியா, ரவா தோசை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள், ஒதுங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதவைதான் ஆளைப் படுக்கவைக்கும். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும். அந்தப் பெருங்காயம் விழுந்த சாம்பாரும் ரசமும் எனக்கு ஆகாது. சாதா தோசை அரிசி உளுந்துதான். ஆனால் பரோட்டா புரட்டிய அதே கல்லில் ஊற்றினால் அதுவும் போச்சு. சோயா சாஸில் கோதுமை. காலிஃபிளவர் சில்லியில் மைதா. பஜ்ஜி கடலைமாவுதான் என்றாலும், கோதுமை போண்டா பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய கார் நிறுத்தம், பளபளக்கும் தரை, சீருடை போட்ட சர்வர். அப்படி ஒரு கடையில் இட்லியும் சாம்பாரும் சொல்வதற்கு முன், 'சாம்பார்ல பெருங்காயம் என்ன பெருங்காயம்?' என்று கேட்டேன். சர்வர் உள்ளே போகாமலே, 'அதெல்லாம் சுத்தமானது மேடம், நம்பிச் சாப்பிடுங்க' என்றார். சாயங்காலத்துக்குள் வயிறு பானையாக உப்பிவிட்டது. அந்த வாரம் முழுக்க வாயில் புண், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் அசதி. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சமையலறையில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. நோயைப் பற்றியும் தெரிய வாய்ப்பில்லை. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகச் சீலியாக் இருப்பதாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான் இருப்பதாகவும் கண்டார்கள். நம் ஊரில் 'கோதுமை ஆகாது' என்றால், 'சுகருக்குச் சப்பாத்திதானே நல்லது' என்று நேர் எதிரான பதில்தான் வரும்.

கடையின் அளவையும் விலையையும் நான் இப்போது பார்ப்பதே இல்லை. சட்டியில் கை வைக்கிறவரோடு நேரில் பேச முடியுமா, சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா, இந்த இரண்டை மட்டும்தான் பார்க்கிறேன்.

ஒகேனக்கல் போகிற வழியில், தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு களி மெஸ் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு அம்மாவும் அவருடைய மருமகளும். ராகி விளைகிற மாவட்டம் இது. ராகியில் குளூட்டன் கிடையாது. களி சாப்பிட ஆசைப்பட்டு அங்கே இறங்கினேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இலையில் உட்கார மாட்டேன்.

'மாவு எங்கம்மா அரைக்கிறீங்க?'

'ஊரு மில்லுலதான் கண்ணு. நம்ம கொல்லையில வெளஞ்ச ராகி, கலப்படமே இல்ல.'

'அந்த மெஷின்ல கோதுமையும் அரைப்பாங்களா?'

'ஆமா, மாவு எல்லாத்துக்கும் ஒரே மெஷின்தான். மொளகாய்க்குத்தான் தனி.'

இதுதான் நம் ஊர் ராகி மாவில் இருக்கிற சிக்கல். முந்தின ஆள் அரைத்த கோதுமை மாவு மெஷினுக்குள்ளும், மாவு விழுகிற துணிக்குழாயிலும் தங்கியிருக்கும். அடுத்து அரைக்கிற ராகியோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில்லில் ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்ந்தாலே இந்த அளவெல்லாம் எங்கோ போய்விடும். அன்றைக்கு அந்த அம்மாவிடம் சோறும் தயிரும் அவித்த முட்டையும் மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். ஏன் களி வேண்டாம் என்றேன் என்பதை விளக்கிச் சொன்னதும், கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்: 'அப்ப மாவ நீ வீட்லயே அரைச்சு எடுத்துக்கிட்டு வா கண்ணு. கிண்டித் தர்றது என் பொறுப்பு.'

அடுத்த முறை அப்படியே போனோம். ராகியைக் கழுவிக் காயவைத்து மிக்சியில் அரைத்துச் சலித்த மாவு, களி கிண்ட ஒரு புதுத் துடுப்பு. துடுப்பு ஏன் என்றால், மரத்தில் மாவு ஊறிப்போயிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. களிப்பானையையும் விட்டுவிட்டு, சோறு மட்டும் வடிக்கிற ஒரு சின்னப் பானையை எடுத்தார். நொய்யை வேகவிட்டு, அது குழைந்து கொதிக்கும்போது மாவை நடுவில் குவித்தாற்போலக் கொட்டி, கிளறாமல் மூடி வைத்தார். மாவின் நடுவிலே துடுப்புக் காம்பால் ஒரு குழி. அதன் வழியாகக் கஞ்சி மேலே பொங்கி வர வேண்டுமாம். வந்ததும் பானையைக் கீழே இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டினார். கட்டி ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் கையை நனைத்து உருட்டி இலையில் வைத்ததும், அதில் குழி பறித்துப் புளிச்சக்கீரைக் கடைசலை ஊற்றினார் மருமகள். 'கீரைக்குப் பெருங்காயம் போட்டீங்களா?' என்றேன். 'கீரைக்கு எதுக்குக்கா பெருங்காயம்? பூண்டும் வரமொளகாயும்தான்' என்று தாளித்த சட்டியையே தூக்கிக் காட்டினார். களி மெழுகாக, சூடாக, தொண்டையில் தானாக இறங்கியது. கீரைக் கடைசலில் உப்பு கொஞ்சம் தூக்கல், அது ஒன்றுதான் குறை. மாவு நாங்கள் கொண்டுபோனோம் என்று காசைக் குறைத்து வாங்கினார், நாங்கள் முழுக் காசையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சரி, ஒகேனக்கல்லுக்கு வருவோம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், கடைசி மலைப்பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். போனவர்களுக்கு அங்கே இருக்கிற முறை தெரியும். மீனை வாங்கிச் சமையல் அக்காவிடம் கொடுத்துவிட்டு, பரிசல் சவாரி, எண்ணெய் தேய்த்துக் குளியல் எல்லாம் முடித்து வந்தால் சாப்பாடு தயாராக இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. ஒருவர் அடுப்படியிலேயே இருக்க வேண்டும். நாங்கள் போனபோது தம்பியும் பிள்ளைகளும் குளிக்கப் போனார்கள், நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை, பேச்சுத் துணைக்கு அக்கா இருந்தார்.

பாதை ஓரத்தில் சிவப்பு மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கிற வறுவல் மீன்களை நான் தொடுவதில்லை. மசாலா உதிராமல் ஒட்டுவதற்காகப் பல இடங்களில் சோள மாவோ மைதாவோ கலப்பார்கள், எண்ணெயும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முழு மீனாகப் பார்த்து வாங்கி, வெட்டச் சொல்லி, பச்சையாக எடுத்துப் போவதே நமக்குச் சரி. கட்லா ஒன்று வாங்கினோம். செவுள் நல்ல சிவப்பு, கண் தெளிவு. தலையும் நடுத்துண்டுகளும் குழம்புக்கு, மீதி வறுவலுக்கு.

அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: 'எனக்குக் கோதுமையும் மைதாவும் ஒரு துளிகூடச் சேரக் கூடாதுக்கா. பட்டாலே குடல் புண்ணாகிடும். அதனால மசாலா, எண்ணெய், சட்டி எல்லாம் நானே கொண்டு வந்திருக்கேன்.' இப்படிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், தம் சமையலைக் குறை சொல்வதாக நினைப்பார்கள். இவர் நினைக்கவில்லை. தன்னுடைய மசாலாக் கிண்ணத்தை எடுத்து மூடி அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, 'இதுல மைதா கொஞ்சம் போட்டிருக்கேன் கண்ணு, இது உனக்கு வேணாம்' என்றார். ஒரு வார்த்தை கேட்காமலே வந்த அந்தப் பதிலுக்காகவே இவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

என் பையில் இருந்தவை இவைதான்: வீட்டு மிக்சியில் அரைத்த மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், புளி, கல் உப்பு, பிரிக்காத ஒரு கடலை எண்ணெய்ப் பாக்கெட், இஞ்சி பூண்டு விழுது, சின்ன வெங்காயம், எலுமிச்சை. ஒரு குழம்புச் சட்டி, ஒரு இரும்பு வாணலி, இரண்டு கரண்டி, பாத்திரம் தேய்க்கப் புது நார். பெரிய மூட்டைதான். ஆனால் வறுக்கிற வாணலி நம்முடையதாக இருப்பது மிக முக்கியம். பழைய இரும்பில் கருகிப் பிடித்திருக்கிற மசாலாவைச் சுரண்டி எடுக்க யாராலும் முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் மனம் பதறியது. பக்கத்து அடுப்பில் இன்னொரு குடும்பத்துக்கு மைதா மசாலா மீன் வெந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து போனதும், அக்கா பழக்க தோஷத்தில் அங்கே மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, அதே கரண்டியோடு என் வாணலிக்குத் திரும்பினார். 'அக்கா, கரண்டி!' என்று நான் சொல்லவும் கை அப்படியே நின்றது. எண்ணெயில் படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கரண்டியை எடுத்தார். அதன் பிறகு என் அடுப்பு முடிகிறவரை பக்கத்து அடுப்புப் பக்கமே அவர் போகவில்லை. அங்கே மீன் கருகுகிறது என்று குரல் வந்தும் போகவில்லை. நாம் ஏன் அடுப்படியை விட்டு நகரக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நொடி போதும்.

ருசி? மீன்குழம்பு அருமை. வெங்காயத்தை நன்றாக வதக்கி, புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்துச் சுண்டிய பிறகே மீனைப் போட்டார். துண்டுகள் உடையவில்லை. விறகுப் புகை வாசனை லேசாக ஏறியிருந்தது, வீட்டுக் கேஸ் அடுப்பில் அது வராது. தலைத்துண்டை என் தம்பி பிடுங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. வறுவலில் ஒரு சின்னக் குறை சொல்லத்தான் வேண்டும். மாவு சேர்க்காததால் மசாலா வாணலியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, முதல் ஈடு உதிர்ந்தது. அடுத்த ஈட்டுக்கு எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, ஒரு பக்கம் முழுக்க முறுகிய பிறகே திருப்பினார், சரியாக வந்தது. அடுத்த முறை வீட்டிலேயே அரைத்த அரிசி மாவு இரண்டு ஸ்பூன் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். இலை போட்டு, வடித்த சோறும் குழம்புமாக எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டோம். கல்யாண வீட்டிலும் சுற்றுலாவிலும் எனக்கு மட்டும் தனி டப்பா என்று பழகிப் போனவளுக்கு, பிள்ளைகள் என் இலையிலிருந்து மீன் எடுத்துத் தின்றது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சீலியாக் உள்ளவர்களுக்குத் தெரியும். ராத்திரி வயிறு ஒரு தொந்தரவும் செய்யவில்லை, மறுநாளும் இல்லை.

பயணத்துக்கும் சிலது சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, எங்களுக்கு எல்லாப் பயணமும் பஸ்தான். பஸ் நிற்கிற இடத்தில் கிடைப்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை, கடலை உருண்டை, சீசனில் நம் ஊர் மாம்பழம், வழியில் இளநீர், நுங்கு. இவற்றை வைத்தே ஒரு பகலை ஓட்டிவிடலாம். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும், களைப்பாக இருக்கிறது என்று வாங்கிக் குடித்துவிடாதீர்கள். பாக்கெட் தின்பண்டம் வாங்கினால் பொருள்பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை குறிப்பு இருக்கும், கோதுமை இருந்தால் அதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஓசூர் பக்கம் ஓட்டல் சமையலறைகளில் வட மாநிலத் தம்பிகள் நிறைய. அவர்களிடம் தமிழில் விளக்குவதைவிட, 'ஆட்டா நஹி, மைதா நஹி, சூஜி நஹி' (கோதுமை மாவு, மைதா, ரவை வேண்டாம்) என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். கோதுமை தின்று வளர்ந்தவர்கள் என்பதால் எது எதில் கோதுமை இருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒகேனக்கல்லில் சுத்தத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல முடியாது. சமைக்கிற இடத்தைச் சுற்றி எச்சில் இலையும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன, குரங்குகள் பையை இழுக்கும், கழிப்பறைக்கு நடக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கேன் நாங்களே கொண்டுபோனோம். சமையல் கூலியை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நம் வேலைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவதால், கேட்டதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு, பொங்கல் விடுமுறை நாட்களில் மட்டும் போகாதீர்கள். கூட்ட நாளில் ஒரே அக்கா நாலைந்து அடுப்பைப் பார்ப்பார். எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்குப் போகிறது என்பதை அவராலும் கவனிக்க முடியாது, நம்மாலும் முடியாது. வார நாளில் காலை பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். மீனும் புதிதாக இருக்கும், நம்மோடு பேச அக்காவுக்கும் நேரம் இருக்கும்.